நட்சத்திரத்தில் புதுத் தூசி

அவனுக்குச் சந்தேகராசா என்று முதலில் பெயர் வைத்தது யார் என்பதில் அலுவலகத்தில் இரண்டு கட்சி உண்டு. பெயர் பொருத்தம் என்பதில் மட்டும் ஒரே கட்சிதான். வானத்தில் புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது துள்ளிக்கொண்டு வந்தால், "முதல்ல ராசாகிட்ட காட்டிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பான். மறுபடி மாட்டிக்கொள்வான். "சரி, இது எப்படியெல்லாம் தப்பா இருக்கலாம்னு பாப்போம்" என்பான். சாயங்காலத்துக்குள் அந்தக் கண்டுபிடிப்பின் கதை முடிந்திருக்கும். புதுக் கோள் என்று வந்தது கருவியில் விழுந்த கீறலாகப் போனது. நட்சத்திரம் வெடிக்கப்போகிறது என்று வந்தது, ஒரு சைபரை விட்டுவிட்டதில் போனது. கொன்ற கையோடு காபி வாங்கிக்கொடுத்துத் தேற்றுகிறவனும் அவனே என்பதால், அவன்மேல் யாருக்கும் கோபம் நிலைத்ததில்லை.

வீட்டிலும் அப்படித்தான். "கல்யாணத்தைப் பதிவு பண்ற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு, பேனா நிஜமா எழுதிச்சான்னு தாளைத் தூக்கி வெளிச்சத்துல பாத்த மனுஷன் இவர்" என்று அவன் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அன்று காலை அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கூப்பிட்டது அவசரம். அதுவும் பட்டப்பெயர்தான். இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. இப்போது வேலையும் ஒரே கூரையின்கீழ். பக்கத்து நட்சத்திரங்களைச் சுற்றியிருக்கும் தூசித் தட்டுகளை அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியால் பார்க்கும் திட்டத்துக்கு அவள் தலைவி. யோசிப்பதற்கு முன்னே பேசிவிடுவாள், பேசுவதற்கு முன்னே கிளம்பிவிடுவாள்.

"ராசா, உடனே வா."

"என்ன ஆச்சு?"

"ஒரு நட்சத்திரம் சூடாயிடுச்சு."

"நட்சத்திரம்னா சூடாத்தான் இருக்கும்."

"கடுப்பேத்தாதப்பா! தூசியைச் சொல்றேன். நட்சத்திரத்துக்குக் கிட்டக்க, உள்பக்கமா, சூடான தூசி. பழைய தொலைநோக்கி பாத்தப்ப ஒண்ணுமே இல்ல. இப்ப கொட்டிக் கிடக்கு."

"வேற எங்கேருந்தாவது வெளிச்சம் ஒழுகியிருக்கும். வரேன்."

"அதைத்தான் நீ வந்து சொல்லணும். வந்து கொல்லு, பாப்போம்."

அவன் சட்டையின் மற்றக் கையையும் இஸ்திரி போட்டு முடித்தான். பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பிடுங்கியாயிற்றா என்று திரும்பிப் பார்த்தான். பிறகுதான் செருப்பைத் தேடினான்.

அலுவலகத்தில் அவசரத்தின் அறை ஒரு ஜன்னல், இரண்டு மேசை, மூன்று திரை. நாற்காலியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதில் எப்போதும் பையும் குடையும்தான் உட்கார்ந்திருக்கும். அவன் உள்ளே நுழைந்ததும் திரையை அவன் பக்கம் திருப்பினாள். கறுப்புப் பின்னணியில் மங்கலான ஒரு வளையம், தூரத்தில் வைத்த வளையல்போல. வளையத்தின் நடுவே, நட்சத்திரத்தை ஒட்டி, பளிச்சென்று ஒரு திட்டு.

வளையத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. வீடு கட்டி முடித்த இடத்தில் மணலும் ஜல்லியும் மீந்து கிடப்பதுபோல, கோள்கள் உருவான இடத்தில் கல்லும் பொடியும் மீந்து சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பொடிதான் தூசித் தட்டு. நட்சத்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு அது தானும் லேசாக ஒளிரும்; கண்ணுக்குத் தெரியாது, அகச்சிவப்பில் மட்டும் தெரியும். தரையிலிருந்து அதைப் பார்ப்பது கஷ்டம். நம் காற்றே வெதுவெதுப்பாக இருப்பதால் அதுவும் அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். பட்டப்பகலில் மின்மினி தேடுகிற கதை. அதனால்தான் தொலைநோக்கியை விண்வெளிக்குத் தூக்கிப்போய், சூரியன் படாமல் ஒரு பெரிய குடையைப் பிடித்து, நடுங்கும் குளிரில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நூறு ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்த இந்த நட்சத்திரத்துக்கு வயசு கம்மி. சூரியனைவிடச் சற்றுச் சின்னது. இதன் வெளி வளையத்தைப் பழைய தொலைநோக்கி வருடங்களுக்கு முன்பே படம் பிடித்திருந்தது. உள்ளே சுத்தம், பெருக்கித் துடைத்த முற்றம் மாதிரி. இப்போது அந்த முற்றத்தில் யாரோ ஒரு லாரி மண்ணைக் கொட்டியிருந்தார்கள்.

"எவ்வளவு கூடியிருக்கு?" என்று கேட்டான்.

"எக்கச்சக்கம். ஏத்தம் இறக்கம்னு சொல்லி மழுப்ப முடியாத அளவு."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். அவசரம் கையைக் கட்டிக்கொண்டாள். "துடைப்பா, நல்லாத் துடை."

முதலில் அவன் பிடித்தது பின்னணியை. நட்சத்திரத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒரு விண்மீன் மண்டலம் உட்கார்ந்திருந்தால், அதன் வெளிச்சம் இதன்மேல் விழுந்து ஏமாற்றும். எத்தனையோ கண்டுபிடிப்புகளுக்கு அதுதான் எமன். "நட்சத்திரம் ஒரு இடத்துல நிக்கிறதில்லையே. இத்தனை வருஷத்துல கொஞ்சம் நகர்ந்திருக்கும். இப்ப அது நிக்கிற இடத்துல அப்ப என்ன இருந்துச்சுன்னு பழைய படத்துல பாரு."

பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கழுவிக் கவிழ்த்த கறுப்புச் சட்டி மாதிரி வெறும் வானம்.

"சரி. அப்ப கருவிதான் கணக்குத் தப்பியிருக்கு. அதே நாள் பாத்த மத்த நட்சத்திரங்களை எடு."

எடுத்தாள். எல்லாம் சொன்னபடி, போன தடவை காட்டிய வெளிச்சத்தையே காட்டின. எல்லாப் பிள்ளையும் ஒழுங்காக இருக்க, இது ஒன்று மட்டும் ஆட்டம் போட்டிருந்தது.

"நட்சத்திரமே கொழுந்துவிட்டு எரிஞ்சிருந்தா?"

"கண்ணுக்குத் தெரியுற சாதாரண வெளிச்சத்துல அதைத் தினமும் பாக்குற சின்னத் தொலைநோக்கிகள் இருக்கே, அதையும் பாத்துட்டேன். இம்மி அசையல. நட்சத்திரம் பாட்டுக்கு இருக்கு. தூசி மட்டும்தான் ஏறியிருக்கு."

அவன் உட்கார இடம் தேடினான். பையையும் குடையையும் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தான். தலைக்குள் ஏதோ குறுகுறுத்தது. வழக்கமாக இந்நேரம் பிரேதம் விழுந்திருக்க வேண்டும்.

"இதுக்கு முன்னாடி தொலைநோக்கி எதைப் பாத்துது?"

அவசரம் வேறு திரையில் தேடினாள். தேடியவளின் முகம் தொங்கிப்போனது. "ஒரு பெரிய நட்சத்திரத்தை. ரொம்பப் பிரகாசம்."

"ஆகா!" என்றான். அவன் உதட்டில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. எரிகிற விளக்கை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், மூடிய கண்ணுக்குள்ளும் விளக்கு கொஞ்ச நேரம் தெரியுமே, கருவிக்கும் அந்தக் கோளாறு உண்டு. பார்த்ததை உடனே மறக்காது. "கருவி கண்ணுல ஒட்டிக்கிட்ட மிச்சம்மா இது. சோலி முடிஞ்சுது. வா, காபி குடிக்கலாம்."

அவசரம் அசையவில்லை. "இரு. படத்தை ஒரே இடத்துல வெச்சு எடுக்கலியே. நாலஞ்சு தடவை தொலைநோக்கியைத் துளி நகர்த்தி நகர்த்தி எடுத்திருக்கோம். கண்ணுல ஒட்டின மிச்சம்னா, தொலைநோக்கி நகர்ந்தாலும் அந்தத் திட்டு படத்துல அதே மூலையில நிக்கணும்."

"நிக்கும். போட்டுப் பாரு."

ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களைப் போட்டாள். நட்சத்திரம் வலப்பக்கம் நகர்ந்தது, திட்டும் நகர்ந்தது. நட்சத்திரம் கீழே இறங்கியது. திட்டும் தாயின் முந்தானையைப் பிடித்த பிள்ளைபோல் பின்னாலேயே இறங்கியது. கடைசிப் படம்வரை ஒட்டிக்கொண்டே வந்தது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் பீப் பீப் என்று கேட்டது.

"ராசா," என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசியது அவனுக்குப் புதுசு. "காபி குடிக்கக் கூப்பிட்டியே, போகலாமா?"

"அப்புறம் குடிக்கலாம்," என்றான். நாற்காலியை மேசைப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. ஒழுகும் வெளிச்சம், பக்கத்தில் ஒளிந்திருக்கும் துணை நட்சத்திரம், கருவிமேல் விண்கதிர் அடித்த தடம் என்று தெரிந்த ஆயுதத்தை எல்லாம் எடுத்து வீசினான். பொய்யைக் கொல்கிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு. இத்தனை வருடம் அதில்தான் வாழ்ந்திருந்தான். இன்று ஒவ்வொரு ஆயுதமும் முனை மழுங்கித் திரும்பி வரவர, அவனுக்குள் வேறு ஏதோ ஒன்று பொங்கிப் பொங்கி மேலே வந்தது. அதற்குச் சந்தோஷம் என்று பேர் வைக்கக்கூட அவன் பயந்தான்.

"அப்ப என்னதான் நடந்திருக்கும்? சொல்லேன், உன் வாயால கேக்கணும்," என்றாள் அவசரம்.

"ரெண்டு பெரிய உருண்டை மோதியிருக்கணும். சின்னச் சின்னக் கல்லு உரசினா இவ்வளவு தூசி வராது. ஒவ்வொண்ணும் ஒரு நிலா அளவாவது இருக்கணும்." திரையில் அந்தத் திட்டைச் சுட்டிக் காட்டினான். "மோதி, பொடிப்பொடியா... ஆனா இதெல்லாம் ஊகம். நிரூபணம் இல்ல. வெளிச்சத்தை நிறம் நிறமாப் பிரிச்சுப் பாக்கணும். சாதாரணத் தூசியா, மோதி உருகின தூசியான்னு அதுதான் சொல்லும்."

அங்கேதான் சிக்கல். தொலைநோக்கியின் குடை எப்போதும் சூரியன் பக்கமே இருக்க வேண்டும். அதனால் இஷ்டத்துக்குத் தலையைத் திருப்ப முடியாது; ஒரு நேரத்தில் வானத்தில் ஒரு பட்டையை மட்டும்தான் பார்க்கலாம். இந்த நட்சத்திரம் அந்தப் பட்டையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. இந்த வாரம் விட்டால், பிறகு பல மாதம் கழித்துத்தான். அதற்குள் தூசி கலைந்தே போகலாம். உலகத்தில் உள்ள அத்தனை வானியலாளரும் அந்தத் தொலைநோக்கிக்கு முண்டியடிக்கிறார்கள். வரிசையை உடைத்து நடுவில் நுழைக்க ஒருவரால்தான் முடியும். தொலைநோக்கி நேரத்துக்குப் பொறுப்பான, கடல் தாண்டி இருக்கும் இயக்குநர் அம்மாள். குரலை உயர்த்தவே மாட்டார். மாட்டேன் என்பதையும் தாலாட்டு மாதிரித்தான் சொல்வார்.

அவசரம் போனைப் போட்டு, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் அமைதியாக வந்தது.

"இப்படித்தான்மா எல்லாரும் சொல்றாங்க. இந்த வாரம் மட்டும் நீங்க மூணாவது ஆளு. ஒருத்தரைத் தள்ளிவிட்டாத்தான் உங்களுக்கு இடம். அங்க சந்தேகராசான்னு ஒருத்தர் இருக்காராமே, அவர்கிட்ட காட்டினீங்களா?"

தன் பட்டப்பெயர் கடல் தாண்டிப் போயிருப்பது அவனுக்கு அன்றுதான் தெரியும். கூச்சத்தோடு போன் பக்கம் குனிந்தான். "நான்தாங்க மேடம்."

"நீங்க நம்புறீங்களா?"

அவசரம் இரண்டு கையையும் கூப்பி அவனைப் பார்த்துக் கெஞ்சினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நம்பலைங்க," என்றான்.

அவசரம் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"காலையிலேருந்து கொல்லப் பாக்குறேன் மேடம். தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டிட்டேன். சாக மாட்டேங்குது. நிறம் பிரிச்சுப் பாத்தா ஒருவேளை செத்துடும். அதுக்காகவாவது குடுங்க."

அந்தப் பக்கம் லேசான ஒரு சிரிப்பு கேட்டது. "சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்று இயக்குநர் போனை வைத்தார்.

காத்திருப்பது அவசரத்துக்கு ஆகாத வேலை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். இன்று அவனுக்கும் ஆகவில்லை. அவனும் எதிர்ப்பக்கமாக நடந்தான். இரண்டு முறை முட்டிக்கொண்டார்கள். "ஒரே அறைக்குள்ள ரெண்டு பேரும் சுத்தினா இன்னொரு மோதல் நடக்கும். போயிட்டு வா எங்கயாவது," என்று அவனை வெளியே தள்ளினாள்.

கால் தானாக மனைவியின் நீச்சல்குளத்துக்குப் போனது. இரண்டு தெரு தள்ளி, பழைய கிடங்கு ஒன்றுக்குள் கட்டிய குளம் அது. தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிற பெரியவர்களுக்கு அவள் அங்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். கதவைத் திறந்ததும் குளோரின் நெடி மூக்கைப் பிடித்தது. ஏழெட்டுப் பேர் கரைக்கம்பியை உயிர்போல் பற்றிக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தில் விசிலோடு மேலே நின்றாள்.

"செருப்பு!" என்று அவனைப் பார்த்ததும் கத்தினாள். குளத்தின் மறுகோடி வரை அது எதிரொலித்தது. அவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத்தில் நடந்து வந்தான். அவன் முகத்தைப் பார்த்து அவள் பதறிப்போனாள்.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"ரெண்டு கோள் மோதிக்கிச்சு."

"எங்க?"

"ரொம்பத் தூரத்துல. அதாவது, பக்கத்துலதான். நூறு ஒளியாண்டு." அவன் செருப்போடு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். சுத்தமாக இருந்த முற்றம், கொட்டிய மண், கூடவே இறங்கிய திட்டு எல்லாவற்றையும் சொன்னான். அவனுடைய குரல் உயர உயர, காலை உதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உதைப்பதை நிறுத்தினார்கள்.

"நீங்க போய்ப் பொய்யுன்னு சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சொல்ல முடியல! அதான் விஷயமே!"

அவள் வாய்க்குக் கொண்டுபோன விசிலை அப்படியே விட்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. பேனா எழுதியதா என்று பார்த்த முகம் இல்லை இது.

குளத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். வழக்கறிஞர், தண்ணீரில் இறங்கினாலும் தொழில் விடவில்லை. "மோதினதுக்கு நேர்ல பாத்த சாட்சி இருக்கா?"

"சாட்சி வெளிச்சம்தாங்க. அதுவும் இப்ப நடந்தது இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கேருந்து கிளம்பி இப்பதான் வந்து சேந்திருக்கு."

அவளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்திருந்த தபால்காரர், "எங்க ஆபீசைவிட மோசமா இருக்கே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே கேட்டார். "அங்க யாராச்சும் இருந்தாங்களா சார்?"

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். மனைவியும் அவனையே பார்த்தாள்.

"இருக்க வாய்ப்பில்லைங்க. சின்ன வயசு நட்சத்திரம் அது. கல்லே இன்னும் முழுசா ஆறலை. இந்த மாதிரி மோதி மோதி, ஒட்டி ஒட்டித்தான் ஒரு கோள் உருவாகும். நம்ம பூமியும் சின்னதுல இப்படி அடிவாங்கி வளந்ததுதான். அங்க வீடு இடியலை, இப்பதான் கட்டிக்கிட்டு இருக்காங்க. நம்ம வீடு கட்டினப்ப எப்படி இருந்துச்சுன்னு பாக்க நமக்குக் குடுத்து வைக்கல. பக்கத்து வீட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்."

அப்போதுதான் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். வைக்கவே தேவையில்லை, அவசரத்தின் கூச்சல் குளம் முழுக்கக் கேட்டது.

"குடுத்துட்டாங்க ராசா! குடுத்துட்டாங்க! ரெண்டு நாள்ல பாக்குறாங்க! உன்னால கொல்ல முடியலைன்னதும்தான் அந்தம்மாவுக்கு நம்பிக்கையே வந்துச்சாம்!"

அவன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். ஈரத் தரையில் வழுக்கி, செருப்பும் போனுமாகக் குளத்துக்குள் மல்லாந்து விழுந்தான்.

ஆழமில்லாத பக்கம்தான். ஆனாலும் வழக்கறிஞரும் தபால்காரரும் கம்பியை விட்டுவிட்டு, பயத்தை மறந்து, அவனைத் தூக்க ஓடி வந்தார்கள். அவன் இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, கண்ணாடி ஒரு காதில் தொங்க, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். மனைவி கரையில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பதினாலு வருஷமாக் கூப்பிடுறேன், தண்ணி தாங்கும்னு என்ன நிச்சயம்னு கேப்பாரு. இன்னிக்குச் சட்டையோட இறங்கிட்டாரு."

"இஸ்திரி போட்ட சட்டை," என்றான் அவன்.

கண்ணாடி பிழைத்தது. போன் பிழைக்கவில்லை.

தொலைநோக்கியின் தகவல் வந்த காலையில் அவசரத்தின் அறையில் நிற்க இடமில்லை. விஷயம் கசிந்து, அடுத்த பிரிவுக்காரர்கள், கணினிப் பிரிவுக்காரர், காபி கொண்டுவந்தவர் என்று எல்லோரும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். இதற்கு முன் அவன் கையால் கண்டுபிடிப்பைப் பறிகொடுத்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். "இன்னிக்கு ராசாவே மாட்டிக்கிட்டான்," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

வெளிச்சத்தை நிறவாரியாகப் பிரித்த கோடு திரையில் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அதற்கு முன் அவன் எல்லோருக்கும் சொன்னான். "சாதாரணத் தூசின்னா வட்டமா, மழுங்கலா ஒரு குன்று வரும். அது வந்தா இது பழைய கதை, வீட்டுக்குப் போகலாம். பாறை பாறையோட பயங்கர வேகத்துல மோதி உருகித் தெறிச்சிருந்தா, கண்ணாடித் தூள் மாதிரி ஆயிருக்கும். அதுக்குக் குன்று இல்ல, கூர். குன்று வர்ற இடத்துக்குக் கொஞ்சம் இடது பக்கம், ஊசி மாதிரி."

"போதும்ப்பா வகுப்பு," என்று அவசரம் பொத்தானைத் தட்டினாள்.

கோடு கிளம்பியது. தட்டையாகக் கொஞ்ச தூரம் ஊர்ந்தது. திடீரென்று ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது. யாரும் எதிர்பார்க்காத இடம் அது. "இதென்ன?" என்று யாரோ கேட்பதற்குள் கோடு மறுபடி கிளம்பி, மேலே, மேலே, விறுவிறுவென்று திரையின் உச்சிக்கே போய், கத்தி முனைபோல் மடங்கிக் கீழே இறங்கியது. கூர். கண்ணாடித் தூளின் கூர்.

அறை அதிர்ந்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். காபி கொண்டுவந்தவர் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

அவன் அந்தக் கூர்முனையைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் வந்த அந்தச் சின்ன மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை நீட்டித் திரையைத் தொட்டான்.

"இது தூசி இல்ல," என்றான். "ஆவி. பாறை உருகினது மட்டுமில்ல, கொதிச்சு ஆவியாயிருக்கு. இது நட்சத்திரத்தோட வெளிச்சத்துல ரொம்ப நாள் தாங்காதும்மா, சிதஞ்சிடும். சிதையாம இருக்குன்னா..."

"இப்பதான் மோதியிருக்கு," என்று முடித்தாள் அவசரம். "சூடு ஆறலை."

"சூடு ஆறலை!"

அவ்வளவுதான். எப்படி எழுந்தான், கூட்டத்தை எப்படி விலக்கினான் என்று அவனுக்கே தெரியாது. அடுத்த நிமிடம் நடைவழியில் ஓடிக்கொண்டிருந்தான். சாத்தியிருந்த ஒவ்வொரு கதவையும் தட்டினான். "பாறை ஆவி! வந்து பாருங்க! பாறை ஆவி!" திறந்தவர்கள் தீ விபத்து என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மாடிப்படிவரை ஓடி, மூச்சு வாங்கி நின்றபோது, பின்னால் அவசரம் நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். "மெதுவாப்பா, மெதுவா. பதறாத காரியம் சிதறாது," என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கட்டுரையை எழுதி உலகத்துக்கு அனுப்பியபோது அவன் கடைசியில் ஒரு வரி சேர்த்தான். முடிந்தால் இதைத் தப்பென்று காட்டுங்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்வோம் என்று. எங்கெங்கோ இருந்தவர்கள் முயன்று பார்த்தார்கள். இருவர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். பின் அவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நட்சத்திரம் சூரியன் பக்கம் போய் மறைந்துகொண்டது. அது திரும்பி வரும்வரை செய்ய ஒன்றும் இல்லை.

மாதங்கள் கழித்து ஒரு பிற்பகல் அவன் மனைவியோடு பெயிண்ட் கடையில் நின்றான். கூடத்துச் சுவருக்கு வெளிர்மஞ்சளா, இளநீலமா என்று அவர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. புதுப் போன் அதிர்ந்தது. பெயர்கூடக் கேள்விப்படாத ஒருவர், சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவர், ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். சூரியனைத் தாண்டி மறுபடி வெளியே வந்த அந்த நட்சத்திரத்தின் சாதாரண வெளிச்சம். நேர்கோடாக வந்த வெளிச்சம் சட்டென்று சரிந்து, பள்ளத்தில் விழுந்து கிடந்தது. கீழே ஒரே ஒரு வரி: *உங்கள் தூசி நட்சத்திரத்துக்குக் குறுக்கே வருகிறது என்று நினைக்கிறேன்.*

அவன் ஒரு பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சரிந்து கிடந்த கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் இரக்கத்தில் கனிந்தது. "பங்குச் சந்தையில பணம் போட்டிருந்தீங்களா சார்? நல்லா விழுந்திருக்கே."

"விழுந்துடுச்சுங்க!" அவன் டின்னிலிருந்து துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அடிமட்டத்துக்கு விழுந்துடுச்சு! பாருங்க, பாருங்க, எப்படி விழுந்திருக்குன்னு!"

கடைக்காரர் பயந்துபோய் அவன் மனைவியைப் பார்த்தார். அவள் இரண்டு வண்ண அட்டையையும் மேசைமேல் வைத்துவிட்டு அவன் தோள்வழியாகப் போனை எட்டிப் பார்த்தாள்.

"தூசியா?"

"தூசிதான். மோதின மேகம் இழுபட்டு நீண்டு, சுத்தி வந்து, நமக்கும் அதுக்கும் நடுவுல நுழைஞ்சிருக்கு. முகத்துக்கு முன்னாடி முந்தானையை இழுத்து விட்ட மாதிரி."

"அப்ப நீங்க சொன்னது சரிதானா?"

அவன் வாயைத் திறந்தான். 'ஆனால்', 'ஒருவேளை' என்று ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள். கடைக்குள் வண்ணம் கலக்கும் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சரிதான்!" என்று அதற்கும் மேலே கேட்கிற மாதிரி கத்தினான் அவன்.